ஏழுமலை செய்த பக்கவாட்டுக் கதவு

உனக்கு வேறு வேலையே இல்லையா? பெருங்குடி ஆபீஸில் நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் எரிகிறது என்கிறாய். சாயங்காலமானால் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என் மூக்குக்கு நேராக ஃபோனை நீட்டுகிறாய். "பாட்டி, நீங்க பொம்மைக் கட்டடம் செஞ்சீங்கன்னு சொன்னீங்களே, இதுவா பாருங்க." என்றைக்கோ வாய் தவறிச் சொன்னதை இப்படியா பிடித்துக்கொள்வாய்? கிழவியின் வாயைக் கிளறினால் என்ன வரும் என்று தெரியாமல் கிளறுகிறாய். வந்த பிறகு மூஞ்சியைத் தொங்கப்போடக் கூடாது. டீயும் கேட்கக் கூடாது, பால் தீர்ந்துவிட்டது.

கொடு, பார்க்கிறேன். ஆமாம், இதுதான். ஏதோ தேசத்தில் எவனோ கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறான். மைலாப்பூர்ப் பக்கத்துப் பழைய ஃபயர் ஸ்டேஷன், டிபன் பாக்ஸ் அளவுக்கு. ஊர் ஊராக இருக்கும் பழைய ஃபயர் ஸ்டேஷன்களை இப்படிச் சின்னதாகச் செய்யச் சொல்லி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதே. உன் அம்மா பால் கவர் சேர்க்கவில்லையா?

படத்தைப் பெரிசாக்கு. கோபுரத்துக்குக் கீழே, பக்கவாட்டில், கதவில் குண்டூசிக் கீல் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் இது முந்தினது. கோபுரத்தில் வெள்ளையாகத் தொங்குகிறதே, அது என் கை வேலை. தண்ணீர் அடிக்கிற குழாய் அந்தக் காலத்தில் கித்தான் துணியில் இருக்குமாம். நனைந்ததைக் கோபுரத்தில் தொங்கவிட்டுத்தான் காயவைப்பார்களாம். பொம்மையில் அது வெறும் விளக்குத் திரி.

திரிதான் என்னை அந்த வேலைக்கே இழுத்துப் போனது. கோயில் குளத்துப் பக்கம் திரி விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து ஒரு திரியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைவிட மெல்லிசா வருமாம்மா?" என்றார். எந்த சாமிக்கு இவ்வளவு ஒல்லி விளக்கு என்று கேட்டேன். சாமிக்கு இல்லை, ஃபயர் ஸ்டேஷனுக்கு என்றார். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர்தான் சார். ஏதோ கம்பெனியில் கட்டடப் படம் வரைந்து ரிடையரானவர். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் அவர் வீடு, வீட்டின் பின்கட்டில் பட்டறை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் வாசனை. அதைத் தாண்டினால் மாமி வறுக்கிற மிளகாய் நெடி. இரண்டும் சேர்ந்து அடித்தால் தும்மல் நிற்காது. தும்மினால் மேஜையில் இருக்கிற பொம்மைக் கூரை ஓடெல்லாம் பறந்துவிடும். அதனால் தும்மல் வருகிறவர்கள் கிணற்றடிக்கு ஓட வேண்டும், அது அங்கே சட்டம். நவராத்திரிக்கு மாமி ஒரு ஸ்டேஷனை எடுத்துக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். பார்க்க வந்தவர்கள், செட்டியார் கடைக்கு நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள்.

சார் வைத்திருந்த இன்னொரு சட்டம்தான் எல்லாவற்றுக்கும் வினை. பழைய போட்டோக்களைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வாங்குகிறவர்களுக்கு வேண்டியது கட்டடம் அந்தக் காலத்தில் இருந்த மாதிரி. "இப்ப இருக்கறதைப் போய்ப் பாத்துடாதீங்கோ. பாத்துட்டா கை அதைத்தான் செய்யும்" என்பார். நாங்களும் பார்க்கவில்லை. பஸ் அந்தப் பக்கம் போகும்போது எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏதோ அங்கே கடன்காரன் நிற்கிற மாதிரி.

அவர் பேர் ஏழுமலை. தச்சு வேலை தெரியும். நான்தான் சாரிடம் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டேன். கதவெல்லாம் அவர் பொறுப்பு. பக்கவாட்டுக் கதவென்றால் அவருக்கு உயிர். குண்டூசியை வெட்டிக் கீல் வைப்பார், நகத்தால் தள்ளினால் திறக்கும். உள்ளே ட்யூட்டிக்காரர் அறை, அதில் ஒரு மணி. கொலுசிலிருந்து கழற்றின மணிதான். "கண்ணக் கட்டி வுட்டாக்கூட நேரா உள்ள போயி மணி அடிப்பேன்மே" என்று பீற்றிக்கொள்வார். "அடிச்சிட்டு இன்னா பண்ணுவ, பூசையா?" என்பேன்.

எங்கள் குடிசை கால்வாய்க் கரையில் இருந்தது. குடிசையில் அவருடைய அம்மா. இடுப்பு விழுந்து படுத்த படுக்கை. வாய் மட்டும் நடக்கும். எனக்கும் அவளுக்கும் தினமும் சண்டை, சண்டை இல்லாத நாள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

ஒரு கோடையில், மத்தியானம். திரியை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடிசை மல்லிகா சந்தில் ஓடி வந்தாள். "யக்கா! கரையில நெருப்புக்கா! ஆயா உள்ளாற கீதுக்கா!"

ஏழுமலை உளியைப் போட்டுவிட்டு எழுந்தார். "நீ அம்மாவப் பாரு. நான் வண்டியோட வரேன்." அவ்வளவுதான் சொன்னார். அவர் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. மனசுக்குள் அவரை மெச்சிக்கொண்டேன், பறந்து போயிருக்கிறாரே என்று. வண்டியில் தேடினேன். முன்னால் இல்லை. பின்னால் இல்லை. கேட்டால், டீக்கடைக்காரர் அப்போதே ஃபோன் பண்ணிவிட்டாராம். கிழவியையும் வண்டி வருவதற்கு முன்பே ஆட்கள் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு காயம் இல்லை. புகைதான் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்து, "எங்கடி என் புள்ள?" என்றாள். பிறகு இருமல்தான்.

அவர் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். இரண்டு கையிலும் தோல் உரிந்து, நகத்துக்குள் சுண்ணாம்பு.

"எங்கய்யா போன?"

"கதவு இல்லமே."

"எந்தக் கதவு?"

"நான் செஞ்சேனே, அந்தக் கதவு. சுவரு வச்சி அடைச்சிக்கீறாங்க. எப்பவோ அடைச்சிட்டாங்களாம். தட்டிக்கினே இருந்தேன்மே. உள்ளாற ஒருத்தருக்கும் கேக்கல."

கண்ணைக் கட்டினாலும் போவேன் என்ற மனுஷன், கண்ணைத் திறந்துகொண்டு போய்ச் சுவரில் முட்டியிருக்கிறார். அவர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் சுவரைக் குத்திக்கொண்டிருந்தபோது வண்டி முன்வாசல் வழியாகக் கிளம்பிப் போய்விட்டது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தால் கொட்டகை காலி.

கிழவி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அவர் கதவைத் தேடினதற்கும் அவள் செத்ததற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. இதை நான் சொன்னேன், மல்லிகா சொன்னாள், டீக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார். கேட்டுக்கொள்வார். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் நேரா முன்னாடி போயிருந்தா?" என்பார். இதற்கு நீ பதில் சொல்லு பார்ப்போம், படித்தவள்தானே.

காரியம் முடிந்து வேலைக்குப் போனோம். அடுத்த ஸ்டேஷனில் பக்கவாட்டுக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கி வைத்திருந்தார். அந்தச் சுவர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா ஏழுமலை, இங்க கதவுன்னா இருக்கணும்?"

"இல்ல சார். அங்க சுவரு கீது."

"அது இப்போடா. நாம பண்றது அப்போ இருந்தது."

"இத்த நம்பி எவனாச்சும் ஓடியாந்தா இன்னா சார் பண்ணுவான்?"

சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷன், திட்டவே இல்லை. அதை அப்படியே அனுப்பினார். கட்டடம் தப்பு என்று வாங்கினவர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்ததிலும் சுவர். கடைசியில் சார் வேறு ஆளை வைத்து அந்தச் சுவரை வெட்டிக் கதவு வைத்தார். இவர் பார்த்துக்கொண்டே நின்றார். உளியைத் துடைத்துப் பையில் போட்டார். மறுநாள் நான் மட்டும்தான் வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு தி.நகரில் ஒரு புடவைக் கடை வாசலில் வாட்ச்மேன். கதவைத் திறந்து விடுகிற வேலைதான், நானும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணவில்லை. என் வாயே அடங்கின விஷயம் என்றால் பார்த்துக்கொள். சாகிற வரைக்கும் அந்த ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த ஸ்டேஷன் இல்லை, இடித்துவிட்டுப் புதுசு கட்டியிருக்கிறார்கள். அவர் தட்டின சுவரும் போய்விட்டது. சார் வீடு ஃபிளாட் ஆகி, பட்டறை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. எங்கள் கரையைக் காலி பண்ணி, எங்களைக் கொண்டுவந்து இங்கே செம்மஞ்சேரியில் அடுக்கி வைத்தார்கள். மல்லிகா எந்த பிளாக்கில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. மிச்சம், நீ ஃபோனில் காட்டுகிற இதுதான். எவனோ அதைப் பூட்டி வேறு வைத்திருக்கிறான்.

அவர் வேலையை விட்ட அன்றைக்குச் சாயங்காலம் கரையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றேன். பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? "இன்னாக்கா, அண்ணன் அவ்ளோ நல்ல வேலைய வுட்டுட்டாராமே, சார் தொரத்திட்டாரா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமில்லடி. எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு அவுட்டாயிடுச்சு. கதவு எது, சுவரு எதுன்னு தெரியல. அப்படி ஆள வச்சிக்கினு சார் இன்னா பண்ணுவாரு?"