பெட்காவின் கண்களைச் சுரண்டியது யார்

எங்கள் ஊர் ப்ரெஸ்தோவாவுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் புனித பெட்கா கிறிஸ்தவ மடாலயத்தின் சாவி முப்பத்தாறு வருடம் ஊர்க்காரி டெஸ்பாவின் இடுப்பில்தான் தொங்கியது. அரசாங்கம் சாமியைக் கண்டாலே முகம் சுளித்த காலம் அது. மடத்தில் துறவி ஒருவர்கூட இல்லை. தலைநகரிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். சுவரோவியங்களைப் பார்த்து "அறுநூறு வருஷத்துப் பொக்கிஷம்" என்பார்கள். டெஸ்பா செய்த சுட்ட மிளகாய்ப் பச்சடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கூரைக்கென்று ஒரு கல்லைக்கூட அவர்கள் அனுப்பியதில்லை.

கூரையைக் காத்தது ரெஜெப். கீழ்த்தெருவில், மசூதிக்குப் பக்கத்து வீடு. பனி உருகியதும் மேலே ஏறி, நழுவிய கற்பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிசெய்வான். அவன் அப்பாவும் அதைத்தான் செய்தார். கூலி என்று எதுவும் கேட்டதில்லை. டெஸ்பா காபி போட்டுத் தருவாள், இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து குடிப்பார்கள்.

உள்ளே வடக்குச் சுவர் ஓவியத்தில் பெட்காவுக்குக் கண் இல்லை. இரண்டு வெள்ளைக் குழிகள்தான். அவளுக்கு இருபுறமும் நிற்கும் புனிதர்களுக்கும் அப்படியே. மேல்வரிசையில் இருப்பவர்கள் மட்டும் கண்ணைத் திறந்து நம்மைப் பார்ப்பார்கள்.

காலம் மாறி, துறவிகள் திரும்பி வந்தார்கள். மடத்தலைவராக வந்த கவ்ரில் சாமி சின்ன வயசு, சுறுசுறுப்பு. தோட்டம் போட்டார், மணி வாங்கினார், வாசலில் பித்தளைப் பலகை ஒன்றும் வைத்தார். "இங்குள்ள புனிதர்களின் கண்களைத் தோண்டியவர்கள் வேற்று மதத்தவர்" என்று அதில் எழுதியிருந்தது. பேருந்து பேருந்தாக வந்தவர்கள் அதைப் படித்து, உள்ளே போய் அந்தக் குழிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை. ரெஜெப் கூரைமேல் இருந்தான். தலையில் எப்போதும்போல வெள்ளைத் தொப்பி. பேருந்தில் வந்து முற்றத்தில் நின்ற ஒருவன் அண்ணாந்து பார்த்தான்.

"தாத்தா கண்ணத் தோண்டினான், பேரன் கூரையத் தோண்டறான். பாத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் கல்லெடுத்து எறிந்தான். அது ரெஜெப்பின் தோளில் பட்டது. அவன் இறங்கினான், சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டான். சமையலறையிலிருந்து டெஸ்பா ஓடி வந்தாள்.

"யார்ரா எறிஞ்சது? எந்த நாய்?"

"விடுக்கா. தலைக்கு வந்தது தோளோட போச்சு."

"நீ போகாத ரெஜெப்பு. உக்காரு."

"உக்காந்து என்னக்கா பண்ண? பலகைல எழுதியே வெச்சிருக்காங்க." போய்விட்டான்.

டெஸ்பா மாவுக் கையோடு கவ்ரில் சாமியின் அறைக்குள் நுழைந்தாள்.

"அந்தப் பலகைய எடுங்க சாமி."

"நிபுணர்கள் எழுதினதும்மா அது."

"நிபுணருக்குக் கண்ணு இருக்கா? மேல்வரிசைல ஒருத்தருக்குக்கூட ஒரு கீறல் இல்ல. குதிரைல வந்த எதிரி என்ன, குள்ளனா? பொம்பளை கை எட்டற உயரத்தோட நிறுத்திக்கிட்டானா?"

சாமி எழுந்து கதவைச் சாத்தினார். "பழைய புண்ணக் கிளறாதீங்கம்மா. ஜனங்க மனசு நோகும்."

"ரெஜெப்புக்குத் தோளு நோகுது. அது பரவாயில்லையா?"

பலகை அங்கேயே இருந்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி பெட்கா திருவிழா. வழிபாடு முடிந்து, முற்றத்து மேசைகளில் ஆட்டிறைச்சியும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். நானூறு பேராவது இருப்போம். டெஸ்பா பெஞ்சு மேல் ஏறி நின்றாள். குடித்திருக்கிறாள் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

"பெட்காவோட கண்ணச் சுரண்டினது நான்," என்றாள்.

கைதட்டல் நின்றது.

"அறுபத்தொன்பதுல என் மக யானாவுக்குக் கண்ணுல சீழ். ஒரு வயசு. டவுன் டாக்டர்கிட்ட போக நாலு மணி நேரம் நடக்கணும். மாமியார் சொன்னா, பெட்கா கண்ணுப் பொடிய ஊத்துத் தண்ணில கரைச்சு ஊத்துன்னு. ரொட்டி அறுக்கற கத்தியோட போனேன். அங்க ஏற்கெனவே பாதி இல்ல. எங்க அம்மா, அவங்க அம்மா, எல்லாரும் சுரண்டி வெச்சிருந்தாங்க. மிச்சத்த நான் சுரண்டினேன். மூணு நாள் ஊத்தினேன். கண்ணு போச்சு. மறு வருஷம் இந்தச் சாவிய நானே கேட்டு வாங்கினேன். அந்நியன் யாரும் தோண்டல. நாமதான். இங்க உக்காந்திருக்கற பாதிப் பொம்பளைங்களுக்கு இது தெரியும். வாயத் திறங்கடி!"

யாரும் திறக்கவில்லை. என் அம்மாவும் அங்கே இருந்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பெட்டியில் துணியில் முடிந்த வெள்ளைப் பொடி இருந்ததை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். நான் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

யானாவும் கூட்டத்தில் இருந்தாள். பிறவியிலேயே ஒரு கண் பார்வை இல்லை என்றுதான் அவளிடம் சொல்லி வளர்த்திருந்தார்கள். அம்மாவிடம் போய் நின்றாள்.

"என் கண்ணப் பத்தி எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஊருக்குச் சொல்லிட்டியே."

அதோடு டவுனுக்குப் பேருந்து ஏறியவள் மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை.

மறுநாளே கவ்ரில் சாமி சாவியை வாங்கிக்கொண்டார். ஊர்ப் பெண்கள் கடையில் டெஸ்பாவைப் பார்த்தால் திரும்பிக்கொண்டார்கள். மானத்தை வாங்கிவிட்டாளாம்! பொய்ப்பலகையில் போகாத மானம் உண்மையைச் சொன்னதும் போய்விட்டதாம்.

அடுத்த ஆண்டு சுவரில் ஏறிய ஈரத்தைப் பார்க்க ஓவியச் சீரமைப்பாளர் ஒரு பெண் வந்தாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரண்டு நாள் பார்த்தாள். மெல்லிய கத்தி, கீழிருந்து மேலாக, பல தலைமுறைக் கைகள் என்று எழுதிக் கொடுத்தாள். பலகை மாறியது. புதிய வாசகம்: "கண்கள் காலப்போக்கில் சேதமடைந்தன."

டெஸ்பா அதைப் படித்துவிட்டுத் துப்பினாள். "காலத்துக்குக் கையிருக்கா? கத்தி பிடிக்குமா? ரெஜெப்புகிட்ட மன்னிப்புக் கேக்க ஒரு வரி எழுத முடியல."

அன்று அவள்கூட நின்றது யானா. குளிர்காலத்தில் தானாகவே வந்துவிட்டிருந்தாள். இருவரும் என்ன பேசித் தீர்த்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வாரமே பலகையைக் காணோம். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, "காலப்போக்குல விழுந்திருக்கும் சார்," என்றாள் யானா. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

ஆனால் ரெஜெப் திரும்ப வரவில்லை. கவ்ரில் சாமி ஆள் அனுப்பினார், பிறகு தானே கீழ்த்தெருவுக்குப் போனார். ரெஜெப் அவருக்கு காபி கொடுத்தான், மரியாதையாகப் பேசினான், முட்டி வலி என்றான். அதே வாரம் பக்கத்து ஊர் மசூதியின் கூரைமேல் அவனை நான் பார்த்தேன்.

இப்போது மடாலயத்துக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளே பேச்சு கேட்காது. டெஸ்பாவுக்கு எண்பத்தொரு வயது. பேருந்து வரும் நாட்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்குகிறவர்களிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறாள். பாதிப் பேர் நிற்பதில்லை. நிற்பவர்களின் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்கிறாள்.