சுவர் முழுக்க மானியம்

வேளாண்மை ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டுறவருக்கு ஊர் வச்ச பேரு பசை. பத்தொம்பது வருஷமா ஒட்டுறார். சும்மா நின்னு பேசினாக்கூட கை தன்னால எதையோ தடவிக்கிட்டே இருக்கும். விவசாய மானியம் வாங்கினவங்க பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்னு வருஷா வருஷம் உத்தரவு வரும். பட்டியல் இருநூத்திப் பதினாலு தாள். போர்டு கொள்றது பன்னெண்டு. முதல் பன்னெண்டை ஒட்டிட்டு மிச்சத்தை பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க. அகர வரிசைங்கறதால, அனாவுல பேர் ஆரம்பிக்கிறவங்க மட்டும்தான் இத்தனை வருஷமா ஊர் வாயில விழுந்தாங்க. அதுல நொந்துபோன ஒருத்தர் தன் பையனுக்கு வனாவுல பேர் வச்சார்னா பார்த்துக்கோங்க.

இந்த வருஷம் ஒட்டின மறுநாள் ஒரு அம்மா வந்து நின்னாங்க. ஆறு வருஷம் முன்னாடி நாலு ஏக்கர் வாங்கி உழுறவங்க. சொட்டு நீர்க் குழாய்க்கு மூணு தடவை மனு கொடுத்தும், இந்த நிலத்துக்கு ஏற்கெனவே மானியம் போகுதுன்னு திரும்பி வந்துருச்சாம். நிலத்தை வித்தவரோ மானியம் நான் வாங்கவே இல்லைன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றாராம். மிச்சத் தாளெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்கும்மான்னு பசை பெருமையா சொன்னார்.

"பீரோவுக்குள்ள போய்ப் படிக்க நான் என்ன கரப்பான்பூச்சியாண்ணே?"

பசை சிரிச்சுட்டார். ஆனா சிரிச்சது உள்ளுக்குள்ள போய்க் குத்த ஆரம்பிச்சுது. அதிகாரிகிட்ட போனார். அவர் மூக்கால பேசுறவர். போர்டு எவ்வளவோ பார்வையும் அவ்வளவுதான்யான்னு ராகம் இழுத்தார். உத்தரவுல போர்டுன்னு ஒரு வார்த்தை இல்லையே ஐயான்னு பசை தாளை நீட்டினார். அதிகாரி படிச்சார், திருப்பிப் படிச்சார், என்னமோ பண்ணித் தொலைன்னு சாவியைத் தூக்கிப் போட்டார்.

கட்டைப் பிரிச்சு அடுக்கும்போது நூத்தித் தொண்ணூத்தெட்டாவது தாள்ல மச்சான் பேர் இருந்துச்சு. சம்சாரத்தோட அண்ணன். ஆறு வருஷம் முன்னாடியே வித்துட்ட நாலு ஏக்கருக்கு மானியம். அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷன்லதான் பசை வாடகையில்லாம குடியிருக்கார். ஒரு தாள் குறைஞ்சா யார் எண்ணப் போறாங்க? மடிச்சு சட்டைப்பையில சொருகிக்கிட்டுப் பசை காய்ச்சப் போனார். கிண்டக் கிண்ட நெஞ்சுகிட்ட அந்தத் தாள் மொடமொடங்குது. வெளியில எடுத்தார், மடிப்பை நீவினார், அதோட இடத்துலயே வச்சார்.

மதியத்துக்குள்ள ஆபீஸ் சுவர் தீர்ந்து, மதில் தீர்ந்து, பக்கத்துக் கிடங்குச் சுவர் வரைக்கும் தாள் ஓடுச்சு. பசை ரோட்டைத் தாண்டி நின்னு பார்த்தார். இத்தனை பேருமா அந்த ஒத்தை பீரோவுக்குள்ள இருந்தாங்க? காத்து அடிச்சா ஊரே ஒருதடவை அசைஞ்சு கொடுக்குற மாதிரி இருந்துச்சு.

ஜனம் வந்துச்சு. சந்தைக்கு வர்ற கூட்டம், ஆனா பேச்சு மூச்சு இல்லை. வரிக்கு வரி விரலை வச்சு நடந்தாங்க. வாங்காத மானியத்துக்கு நேரா தன் பேரைப் பார்த்து ஒரு கிழவர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டார். பசையும் கூடவே நடந்தார். தான் ஒட்டினது தாள்னு அவரால நம்ப முடியலை.

யாரோ போன்ல சொல்லி மச்சான் பைக்ல பறந்து வந்தார், கிழிக்கிற வேகத்துல. அந்த அமைதிக்குள்ள நுழைஞ்சதும் கால் தன்னால தயங்கி, அவரும் வரிசையில நின்னுட்டார். அவர் பேர் மேல அந்த அம்மாவோட விரல் இருந்துச்சு. நில எண்ணைத் தன் பத்திரத்தோட ஒத்துப் பார்த்துட்டு, ஆபீஸ்காரர் வாயால சொல்லுங்கண்ணே, இது யார் நிலம்னு கேட்டாங்க. அத்தனை தலையும் திரும்புச்சு.

பசை முன்னால வந்தார்.

"உங்க நிலம்தாம்மா. மானியம் வாங்கினது இதோ நிக்கிறாரே, என் மச்சான்."

மச்சான் தாள்ல கை வைக்கலை. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுன்னு அடிக்குரல்ல சொல்லிட்டுப் போயிட்டார். அந்த அம்மா சுவத்துலயே தாளை வச்சு நாலாவது மனுவை எழுத ஆரம்பிச்சாங்க.

பசை சம்சாரத்துக்குப் போன் போட்டு ஒண்ணு விடாம சொன்னார். பாத்திரத்தை அப்புறம் கட்டிக்கலாம், நான் அந்தச் சுவரைப் பார்க்கணும், அங்கேயே இருங்கன்னு அவங்க சொன்னாங்க. வந்தாங்க. அண்ணன் பேர் எங்கேன்னு கேட்கலை. முதல் தாள்ல விரலை வச்சு நடக்க ஆரம்பிச்சாங்க.