புதுக்கோட்டையில் இறங்கிய ஆடு

தூத்துக்குடி பஸ் புதுக்கோட்டையில் டீக்கு நிற்கிறது. என் ஜன்னலை ஒட்டி ஒரு லாரி நிற்கிறது, கறிக்கடைகளுக்கு ஆடு ஏற்றிப் போவது. படுக்க இடமில்லாமல் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. கறுப்பு வெள்ளாடு ஒன்றுக்கு மடி பருத்திருக்கிறது. வெளியாளிடம் எனக்குப் பேச வராது. இருந்தும் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணாச்சி, அந்தக் கறுப்பு சினை."

லாரியோரம் டீ குடித்து நின்ற ஆட்டு வியாபாரி சிரிக்கிறார். "கொழுப்பு ஆச்சி அது. பஸ்ஸுல இருந்தே வைத்தியம் பாக்கியளோ?"

"காம்பைப் பீச்சிப் பாருங்க."

பீச்சுகிறார். விரலில் மஞ்சளாகச் சீம்பால் ஒட்டுகிறது. சிரிப்பு நின்றுபோகிறது.

"இதைக் கத்திக்குக் கொடுத்தா நான் வெளங்குவனா? இங்கன கெடக்கட்டும், திரும்பையில கொண்டுட்டுப் போறேன்."

தூக்கி இறக்கி, டீக்கடைத் தூணில் கட்டுகிறார்.

பஸ் கிளம்புகிறது. லாரியில் அது நின்ற இடத்தில் இன்னோர் ஆடு காலை மடக்கிப் படுத்துக்கொள்கிறது.