நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த வருடங்கள்

நான் சேர்ந்தபோது எங்கள் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணி ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செங்கல்பட்டைத் தாண்டி, ஏரியை ஒட்டி இருந்த தனியார் கல்லூரி அது. மைதானத்தில் பாதி நெருஞ்சி முள். நான் கோல்கீப்பர். உயரமாக இருந்ததால் நிற்க வைத்தார்கள், வேறு காரணம் இல்லை. எங்கள் வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும்தான் தெரியும். பந்து பிடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "கை கால் ஒடியாம வந்து சேரு" என்று மட்டும் சொன்னார். போன இடத்திலெல்லாம் தோற்றோம். திரும்பும்போது பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவோம்.

அடுத்த வருடம் அவள் வந்தாள். புதுப்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தவள். அண்ணன்களோடு கடற்கரை மணலில் ஆடிப் பழகிய கால்கள், கெட்டித் தரையில் காற்றாகப் பறந்தன. முதல் நாள் அவள் அடித்த பந்து என் விரல்களை மடக்கிவிட்டு வலைக்குள் போனது.

"வலிக்குதாடி?" என்று ஓடி வந்தாள். "கைய வுட்டுடு. நான் அடிச்சா புடிக்காத."

அந்த வருடமே ஜெயிக்க ஆரம்பித்தோம். அவளைக் கேப்டனாக்கினார் எங்கள் விளையாட்டுத் துறை மேடம். நாற்பது வயதுக்காரர், ஒப்பந்த வேலையில் இருந்தவர், விசில் ஊதாமல் வெறும் கைதட்டலிலேயே எங்களை ஓட வைப்பவர். பல்கலைக்கழகக் கோப்பை வந்ததும் கல்லூரி வாசலில் எங்கள் படம் போட்ட பேனர் ஏறியது. ஹாஸ்டலில் முட்டை, பால், எல்லாருக்கும் புது ஷூ. அதுவரை எங்கள் முகமே தெரியாத தாளாளர் சாயங்காலங்களில் காரை மைதானத்து ஓரம் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்காமல் உள்ளேயிருந்தபடியே பார்ப்பார். அந்தக் கார் நிற்கும் நாட்களில் எங்களில் ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். பஸ்ஸில் பாட்டும் நின்றுபோனது. டிரா ஆனால்கூட மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து வருவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் எங்களை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் ஓட விடுவார். அங்கேதான் அதை முதலில் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் திரும்பினாள். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. அப்படியே முழங்கால் மடிந்து விழுந்தாள். நான் போய்ச் சேருவதற்குள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல. காலையில நாஸ்தா துன்னல, அவ்ளோதான்."

அவள் நாஸ்தா தின்றதை நான் பார்த்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டாள்.

பிறகு ஒருநாள் வகுப்புக்குப் போகும் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். என் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள். உள்ளே ஏதோ வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தது. "யாராண்டயும் சொல்லாத" என்றாள். நான் அன்றைக்கே மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

மேடம் எங்கள் இருவரையும் செங்கல்பட்டில் ஒரு இதய டாக்டரிடம் அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். சித்தப்பா ஒருத்தர் படகிலேயே சாய்ந்துவிட்டார், வெயில் தாங்கவில்லை என்று சொன்னார்கள் என்றாள் அவள். டாக்டர் பேனாவை மூடினார். "இதயத்தோட சதை தடிச்சிருக்கும்மா. நடக்கலாம், படிக்கலாம். ஓடக் கூடாது."

வெளியே வந்ததும் அவள் மேடத்தைப் பார்க்காமலே பேசினாள். "போலீஸ் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் வருது மேடம். நான் ஆடணும்."

"உயிரோட இருந்தாத்தான் போலீஸு."

"பந்து இல்லன்னா என்னிய யாரு மேடம் இந்தக் காலேஜுக்குள்ள வுட்டிருப்பாங்க?"

மேடம் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். அடுத்த வாரம் நடந்த இறுதிப் போட்டியில் அவளை வெளியே உட்கார வைத்தார். தாளாளர் அன்றைக்குக் காரைவிட்டு இறங்கி வந்தார்.

"நல்லாத்தானேம்மா நிக்கிறா? என்ன பிரச்சினை?"

"நிக்கிறதுல பிரச்சினை இல்ல சார்."

தோற்றோம். நான்தான் கோல் விட்டேன். கேப்டன் எங்களோடு பஸ்ஸில் ஏறவில்லை. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது மேடத்தின் அறையில் வேறு ஒருவர் இருந்தார். மேடத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

புதிய கோச் பேசும்போது புன்னகைத்துக்கொண்டே இருப்பார். அவளை வேறு டாக்டரிடம் காட்டியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எந்த டாக்டர் என்று நான் கேட்டதற்கு, "நீ கோலப் பாரு" என்றார். அவள் மறுபடி ஆடினாள், நாங்கள் மறுபடி ஜெயித்தோம். அவள் கோல் போடும்போது எல்லாரும் கத்துவார்கள். நான் மட்டும் அவள் திரும்பி நடந்து வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். தூக்கத்திலும் அதுதான் வரும், பச்சைப் புல்லும், அதில் வெள்ளைச் சட்டை ஒன்று கிடப்பதும்.

அது நடந்தது பொத்தேரிப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில், நல்ல வெயிலில். பந்து அவளிடம் இல்லை, யாரும் இடிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவள் முகம் குப்புற விழுந்தாள். கையை ஊன்றக்கூட இல்லை. நடுவர் விசில் ஊதினார். நான் கோலை விட்டு ஓடினேன். எங்கள் கோச் எல்லைக் கோட்டிலேயே நின்றுவிட்டார். எதிரணியின் கோச், எங்களை அதுவரை திட்டிக்கொண்டிருந்த பெரிய உருவம், மண்டியிட்டு அவள் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். "ஆம்புலன்ஸ் எங்கய்யா?" என்று அழுத்திக்கொண்டே கத்தினார். ஆம்புலன்ஸ் இல்லை, போன் செய்த பிறகுதான் வந்தது. அதுவரை அவர் கையை எடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டாள். இதயத் துடிப்பு தாறுமாறானால் சரிசெய்ய, தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். போலீஸ் வேலை போயிற்று. கல்லூரி அந்த வருடமே அணியைக் கலைத்துவிட்டது. நடந்ததைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. இப்போது புதுப்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறாள். ஒருமுறை பார்க்கப் போனேன். மேடம் அடிக்கடி வருவார் என்றாள். "முன்னாடிலாம் அவங்கள திட்டிகினே இருந்தேன்டி. இப்ப வந்தா எழுந்து போக வுடறதில்ல."

இந்த ஜூன் மாதம் அதே கல்லூரியிலிருந்து, இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் எனக்கு அழைப்பு வந்தது. புது நிர்வாகம், பெண்கள் அணியை மறுபடி ஆரம்பிக்கிறார்கள், பயிற்சி தர வர முடியுமா என்றார்கள். பயிற்சிக்கு முன் எல்லாப் பெண்களுக்கும் இதயப் பரிசோதனை செய்வீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள்.

செய்த பிறகு கூப்பிடுங்கள் என்றேன். இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் போன வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், மைதானத்தில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பஸ் திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் உதட்டின் நிறம் தெரியவில்லை.