வேறு பெயரில் பதிவான நேவெனா

கூடத்தில் லேப்டாப்பை அறைந்து மூடும் சத்தம் கேட்டது. சமையலறையில் சுட்ட குடமிளகாய்க்குத் தோலுரித்துக்கொண்டிருந்த நேவெனா, கரி படிந்த விரல்களோடு அப்படியே எழுந்து வந்தாள். மேலாளர் காலின் அதைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவளை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. கம்பெனி லேப்டாப்பைத் திரும்ப வாங்க வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, அவள் கணவன் ல்யூபென் ரக்கியா என்னும் பழச்சாராய பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான்.

“அவனுக்கு ஊத்தாத” என்றாள்.

ரூசே நகரில் எங்கள் கட்டடத்தில் நேவெனாவை அறியாதவர்கள் கிடையாது. பாதி வாழ்க்கையை அந்நியர்களின் கோபத்தைத் தணிப்பதிலேயே கழித்தவள். ஹோட்டல் அறைகளை முன்பதிவு செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. வெந்நீர் வரவில்லை, சன்னலைத் திறந்தால் கடலைக் காணோம் என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் இதமாகப் பதில் எழுதுவாள். கண் மங்கத் தொடங்கியதும், எழுத்தைப் பெரிதாக்கி, மஞ்சள்மேல் கறுப்பாகக் காட்டும் ஒரு பிரவுசரைப் போட்டுக்கொண்டாள். அதிகம் பேர் கேள்விப்படாத சின்னப் பிரவுசர். கம்பெனியும் அனுமதி தந்தது.

வினை அங்கேதான் பிறந்தது. வாடிக்கையாளர் விவரங்கள் எப்படியோ வெளியே கசிந்தன. யார் எந்தப் பிரவுசர் வழியாக உள்ளே வந்தார்கள் என்ற பதிவைத் துருவினார்கள். நேவெனாவின் கணக்கில், அவள் லேப்டாப்பிலேயே இல்லாத, ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கும் ஒரு பெரிய பிரவுசரின் பெயர் இருந்தது. கடவுச்சொல்லை யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்றார்கள். உண்மை அற்பமானது. சின்னப் பிரவுசர்களைப் பல தளங்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் அவளுடையது எங்கே போனாலும் அந்தப் பெரிய பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொண்டு நுழையும். பதிவும் அதை நம்பி எழுதிவிட்டது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். வீடியோ விசாரணையில் ஜெர்மன் அதிகாரி, வேறு யாராவது உங்கள் கணக்கில் நுழைகிறார்களா என்று கேட்டார். ஊர்ப் பழக்கத்தில், வாயால் சொல்லாமல் அவள் தலையை மேலே வெட்டி இறக்கினாள். எங்கள் ஊரில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். அவருக்கு அது ‘ஆமாம்’. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார். அதே திரையில், பக்கத்துக் கட்டத்தில், காலின் இருந்தான். ரூசேயில் பிறந்து வளர்ந்தவன். வாயைத் திறக்கவில்லை.

பெற்ற மகளிடம்கூடக் குரல் உயர்த்தாதவள், இப்போது அவன் பையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். அவள் கணக்குப் பூட்டப்பட்டிருந்தது. உன் கணக்கில் நுழைந்து காட்டு என்றாள். முதலில் மறுத்தான். ல்யூபென் எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதும், அவளுடைய பிரவுசரிலேயே நுழைந்து தன் பதிவைத் திறந்தான். அங்கேயும் அதே பெரிய பெயர்.

“இப்ப உன் பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்த, காலின்?”

அவன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான். “அக்கா, இது மெஷினோட தப்பு. திங்கக்கிழமை எழுதிடறேன். தலையாட்டின விஷயம் மட்டும் வேணாம். அப்பவே ஏன் சொல்லலன்னு என்னைப் பிடிச்சுக்குவாங்க.”

“மெஷினுக்கு நம்ம ஊர் தெரியாது. அந்த ஜெர்மன்காரனுக்கும் தெரியாது. உனக்குமாடா தெரியாது?”

“எனக்கும் குடும்பம் இருக்குக்கா.”

“எனக்கு இருக்கறது என்ன, ஹோட்டலா?”

ஒப்புக்கொண்டாள் என்ற அந்த ஒரு வரி நீங்காவிட்டால், திருடி என்ற பெயரோடு இனி எந்தக் கம்பெனி வாசலையும் அவள் மிதிக்க முடியாது. அதிகாரியை இப்போதே, என் கண்ணெதிரே கூப்பிட்டுச் சொல் என்றாள். அவன் போனை எடுத்தான். அதிகாரியின் எண்ணைத் தேடி எடுத்தவன், அழைக்காமலே மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

லேப்டாப்பை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை முட்டியது, அவன் முன்னால் அழ மாட்டாள். போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொள், அவர்களுக்கும் இதையே காட்டுகிறேன், நீ வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொல்கிறேன் என்றாள்.

காலின் வாசலில் குனிந்து ஷூவைத் தேடினான்.

“வெளியில போய் மாட்டிக்க.”

ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு, காலுறையோடு அவன் படிக்கட்டில் இறங்கினான். நேவெனா கதவைச் சாத்தினாள்.