தாம்பரத்தில் ஏறுகிற பெண்

போன வாரம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். செங்கல்பட்டிலிருந்து வந்த வண்டி; பெண்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை. ஒரே ஒரு இருக்கை மட்டும் காலி. அதன்மேல் ஒரு துப்பட்டா கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண், "ஆள் வருது ஆன்ட்டி" என்றாள். பெட்டியே அவளை முறைத்தது. நான் முறைக்கவில்லை. முறைக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

துப்பட்டாவிலிருந்து முகப் பவுடர் வாசனை வந்தது. எங்கள் காலத்துக் கைக்குட்டைகளுக்கும் அதே வாசனைதான்.

எண்பதுகளின் கடைசி. இரும்புலியூரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அவ்வளவெல்லாம் இல்லை, எங்கள் தெருவுக்கு முதல் பெண். கல்லூரி நகரத்துக்குள் இருந்தது. விடுதியில் தங்கியவர்களுக்கு விடுதி எப்படியோ, வீட்டிலிருந்து போய்வந்த எங்களுக்கு ரயில் அப்படி. அந்த ரயிலில் ஒரு கூட்டம் இருந்தது. பெயர் ஏழு நாற்பது செட். வண்டி கிளம்புகிற நேரமே பெயர். அவர்கள் சிரித்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். ஒருத்தியின் டிபன் எல்லோருக்கும் சொந்தம். நோட்ஸ் கைமாறும். அந்தச் செட்டில் இல்லாவிட்டால் மூன்று வருடமும் ஜன்னல் கம்பியோடுதான் பேசிக்கொண்டு போக வேண்டும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

குரோம்பேட்டையில் ஏறுகிற ஷீலா அக்காதான் தலைவி. கடைசி வருடம். அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். அவள் இங்கிலீஷில் கோபித்துக்கொண்டால்கூடக் கேட்க நன்றாக இருக்கும்.

கல்லூரி திறந்ததும் புதுப் பெண்களைப் பார்ப்பார்கள். பெண் பார்க்கும் படலமேதான். பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது. முதலில் அவர்களுடைய பைகளை நம் மடியில் ஏற்றுவார்கள். முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்டால் அடுத்தது கேள்விகள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி முடிவெடுப்பார்கள்.

நான் தயாரான லட்சணத்தைக் கேளுங்கள். வாய் தவறி 'வூடு' என்று வந்துவிடக் கூடாதென்று குளிக்கும்போது 'வீடு, வீடு' என்று சொல்லிப் பழகினேன். கருவாட்டுக் குழம்பு வேண்டாம், எலுமிச்சை சாதம்தான் வேண்டும் என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். அவள் ஆசையாக வைத்துவிட்ட கனகாம்பரத்தை அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் பிய்த்துப் பைக்குள் போட்டேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

ஷீலா அக்கா என்னைக் கேட்டது இவ்வளவுதான்.

"நீ எந்த ஸ்டேஷன்?"

"தாம்பரம்க்கா."

"டெய்லி சீட் கெடைச்சிடுமா?"

"வண்டி நிக்கறதுக்குள்ள ஏறிடுவேன்க்கா. நான்தான் ஃபர்ஸ்ட்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஃபர்ஸ்ட்' என்பதை நான் உச்சரித்த அழகில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். குரோம்பேட்டைக்கு அடுத்த பல்லாவரத்தில் ஏறுகிற இன்னொரு பெண்ணையும் அதே வாரம் பார்த்திருந்தார்கள். என்னைவிட நல்ல இங்கிலீஷ், பிரமாதமாகப் பாடுவாள். அவளை எடுக்கவில்லை, என்னை எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார்கள். ஐந்து கைக்குட்டைகள், ஓரத்தில் பூ போட்டவை. வீட்டுக்கு வந்து கட்டிலில் பரப்பி வைத்து அழகு பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி இத்தினி கர்ச்சீப்? எல்லாத்துக்கும் சளி புடிச்சிகீதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

திங்கட்கிழமை தெரிந்தது. தாம்பரத்தில் வண்டி காலியாகக் கிளம்பும். குரோம்பேட்டை வருவதற்குள் நிரம்பிவிடும். நான் முதலில் ஏறி ஐந்து இருக்கைகளில் ஐந்தையும் விரிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் "ஆள் வருது" என்று சொல்ல வேண்டும். அதுவும் எனக்குக் கௌரவமாகத்தான் பட்டது.

ஆடி மாதம் காய்ச்சல் வந்து இரண்டு நாள் போகவில்லை. தகவல் சொல்ல ஃபோனா இருந்தது? மூன்றாம் நாள் ஷீலா அக்கா ஏறியதும் கேட்டாள்.

"என்னடி நீ, சொல்லாம லீவு போட்டுட்டே? தாம்பரத்துல ஏறுறவன்னுதானே உன்னை எடுத்தோம்? ரெண்டு நாளும் நின்னுக்கிட்டே போனோம்."

திட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு முன்னால் செட்டுக்கு இடம் போட்டவளும் தாம்பரம்தான், படிப்பு முடித்துப் போய்விட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எலுமிச்சை சாதம், 'வீடு', பிய்த்துப் போட்ட கனகாம்பரம் எதையுமே யாரும் பார்க்கவில்லை. ஸ்டேஷனைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அவமானம் மறுநாள் காலையில்தான். வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய் நடைமேடையில் நின்றேன். கைக்குட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

கடைசி வருடம் புதுப் பெண்களைப் பார்க்கிற சபையில் நானும் உட்கார்ந்தேன். முடிச்சூர் பக்கத்திலிருந்து லதா என்று ஒரு பெண், எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு. "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டது நான்தான். தாம்பரம் என்றாள். கைக்குட்டைகளைக் கொடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னைப் போய் ஏன்க்கா எடுத்தீங்க?"

"உன் நல்ல மனசுக்குத்தான்டி" என்றேன். கூசாமல் சொன்னேன். அவள் அதை நம்பினாள்.

குறுகலான அந்த மீட்டர்கேஜ் பெட்டிகள் இப்போது இல்லை. பெண்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வதும் குறைந்துவிட்டது. குரோம்பேட்டையில் அந்தத் துப்பட்டாவுக்குரிய தோழி ஏறினாள், உட்கார்ந்தாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். செங்கல்பட்டிலிருந்து இடம் பிடித்து வந்தவள் துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

எங்கள் வேலை செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. நிரம்பி வருகிற வண்டியில் தாம்பரத்துப் பெண் யாருக்கு இடம் போட முடியும்? இனி அவளை ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டால், அது அவளுக்காகத்தான் இருக்கும். லதா எங்கே இருக்கிறாளோ.