அத்தான் அடுக்கிய டி.வி. ஸ்டாண்டு

அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய சீர்சாமான்களில் கட்டில், பீரோ, பித்தளைக் குடம் எதன் மீதும் எனக்கு ஆசை இருந்ததில்லை. என் கண்ணெல்லாம் ஹோம் தியேட்டர் மீதுதான். பெரிய டி.வி., டி.வி.டி. பிளேயர், ஆம்ப்ளிபையர், ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், நான் ஏறி உட்காரும் அளவுக்கு ஊஃபர் என்ற பெரிய ஸ்பீக்கர் ஒன்று, இத்தனையையும் வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஸ்டாண்டு. விழிதியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாம் இரண்டு நாள் அட்டைப்பெட்டியோடு இருந்தன. ஒரே ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நான் அழுது பார்த்தேன்.

"அது இனிமே நம்மளோடது இல்ல பாப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததை மட்டும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

அவளுக்கு அது பிடித்த படிப்பு. காரைக்காலில் மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். எங்கள் வீட்டில் ஒரு பழைய இரும்பு அலமாரி இருந்தது. யாரோ வேண்டாம் என்று கொடுத்த ஆம்ப்ளிபையரையும் டேப் ரெக்கார்டரையும் சரி செய்து, டி.வி.யோடு சேர்த்து அதில் அடுக்கி வைத்திருந்தாள். ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. வேலை செய்துகொண்டே பேசுவாள். ஆம்ப்ளிபையர் சூடாகும், அதன் தலைக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது, காற்று போக இடம் வேண்டும் என்பாள். கரண்டு வயரையும் சத்தம் போகிற வயரையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் சண்டை போட்டு 'ம்ம்ம்' என்று இரையும் என்பாள். பத்து வயதில் எனக்கு வாய்ப்பாடு சரியாக வராது. ஆனால் இதெல்லாம் மனப்பாடம்.

ஆவணியில் கல்யாணம் ஆகி அக்கா கோவில்பத்துக்குப் போனாள். காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு வாரம் அவள் வீட்டில் இருக்க என்னை அனுப்பினார்கள். அந்த வீட்டில் நான்கு பேர்: அக்கா, அத்தான், அக்காவின் மாமனார், மாமியார். மாமனார் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "என் மருமக டிப்ளமோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எதில் டிப்ளமோ என்று அவரும் கேட்டதில்லை, வருகிறவர்களும் கேட்டதில்லை.

அத்தானுக்கு முப்பது வயதிருக்கும். மருந்து மொத்தக் கடையில் வேலை. அந்த வேலையும் மாமனார் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான். அத்தான் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போனால், "நவுரு, நவுரு" என்று சுத்தியலை வாங்கி மாமனாரே அடிப்பார். மார்க்கெட்டிலிருந்து கத்தரிக்காய் வாங்கி வந்தால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வேலைய உருப்படியா செய்ய மாட்டியே" என்பார். கோபமாக இல்லை. மழை வருகிறது, வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வார். அத்தானும் அதைச் சாதாரணமாகவே கேட்டுக்கொண்டு போவார். எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. அத்தான் கொஞ்சம் மக்கு போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டுடியோவிலிருந்து கல்யாண சி.டி. வந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு உறவுக்காரர்கள் முப்பது பேரை வரச் சொல்லியிருந்தார் மாமனார். அதற்காகவே ஹோம் தியேட்டர் பெட்டிகளைப் பிரித்தார்கள்.

உள்ளே இருந்த விளக்கப் புத்தகத்தில் பல மொழிகள் இருந்தன. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சுப் பக்கத்தைத் தேடி எடுத்தார். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். "பிரெஞ்சுக்காரனுங்க எழுதினாத்தான் விளக்கமா இருக்கும்" என்று சொல்லி உரக்க வாசிக்க ஆரம்பித்தார். அடிக்கடி "அத்தான்சியோன்" என்று ஒரு சொல் வந்தது. அத்தானைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். எச்சரிக்கை என்று அர்த்தமாம். எச்சரிக்கையை எல்லாம் அழகாக வாசித்துவிட்டு, சாமான்களைத் தன் விருப்பப்படி அத்தானை அடுக்கச் சொன்னார்.

ஆம்ப்ளிபையர் விலை கூடியது, எல்லார் கண்ணிலும் படவேண்டும், அதனால் மேல் தட்டு. அதன் தலை மேல் டி.வி.டி. பிளேயர். தூசி படாமல் இருக்க ஊஃபர் கீழே கண்ணாடிக் கதவுக்குள். வயர்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, ஜடை பின்னியது போல நூல் போட்டுக் கட்டினார்கள். பிறகு கண்ணாடிக் கதவை இறுக்கச் சாத்தினார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது.

அக்கா காப்பி கொண்டுவந்தாள். ஸ்டாண்டை ஒரு தடவை பார்த்தாள். தம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, தலைக்கு மேல வெச்சிட்டாங்க. வயரையும் சேத்துக் கட்டிட்டாங்க."

"பாத்தேன். நீ வெங்காயம் உரி."

"நீ போய்ச் சொல்லேன்."

"உரி பாப்பா."

டி.வி.யைப் போட்டதும் படத்துக்கு முன்னால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் வந்தது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் ஊஃபர் அதிர்ந்து கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆடியது. அரைமணி நேரத்தில் ஆம்ப்ளிபையர் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமனார் அவரை நகரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகினார். அவர் செருகியபோதும் அணைந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"பொருளே சரியில்ல போலருக்கு. சம்பந்தி பாவம், ஏமாந்துட்டாரு. போன் போட்டுச் சொல்லிடுவோம். மாத்திக் குடுப்பாங்களான்னு பாக்கட்டும்."

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அப்பா அந்தப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் பரப்பியது எனக்கு ஞாபகம் வந்தது. சமையலறையைப் பார்த்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"இலை போட்டாச்சுங்க மாமா. சாப்ட்டுட்டு போன் பண்ணிக்கலாமுங்க" என்றாள்.

சாப்பிட்டதும் வழக்கம்போல மாமனார் ஒரு அறையிலும் அத்தான் ஒரு அறையிலும் படுத்தார்கள். மாமியார் பாத்திரம் தேய்க்கும் அம்மாளோடு கொல்லையில் இருந்தார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்து உள்ளங்கையை நீட்டச் சொன்னாள். ஸ்க்ரூக்கள் வந்து விழுந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் எங்கள் வீட்டு முகமாக இருந்தது.

ஊஃபரை வெளியே இழுத்து மூலையில் தரையில் வைத்தாள். ஆம்ப்ளிபையரை நடுத்தட்டுக்கு இறக்கி, அதன் மேலே ஒன்றுமில்லாமல் விட்டாள். பின்பக்கத்து அட்டைப் பலகையைக் கழற்றினாள். நூலை அறுத்து வயர்களைப் பிரித்து, கரண்டு வயர்களை இடப்பக்கமும் சத்தம் போகிற வயர்களை வலப்பக்கமும் விட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்து சி.டி.யைப் போட்டாள். இரைச்சல் துளிகூட இல்லை. நாயனம் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்டது. நான் குதித்தேன். அவள் ஆம்ப்ளிபையரின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றினாள். காலையில் இருந்தது போலவே ஆம்ப்ளிபையர் மேல் தட்டுக்குப் போனது, ஊஃபர் கண்ணாடிக்குள் போனது. வயர்களைச் சேர்த்து நூல்கூடக் கட்டினாள்.

"ஏங்க்கா கழட்டுற?"

"அவரு செய்யட்டும்."

"அத்தானுக்குத் தெரியாதுல்ல?"

"சொன்னா தெரிஞ்சிக்குவாரு." நூலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்த வீட்டுல அவரு செஞ்சதுன்னு ஒண்ணுமே இல்ல பாப்பா. இது ஒண்ணு இருக்கட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது, என்ன?"

நான் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. மாமனாருக்கு அக்கா பயப்படுகிறாள் என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்கு அத்தானுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள், தம்ளரைத் திரும்பக் கொண்டுவர நேரமானது. பிறகு அத்தான் வெளியே வந்து கைலியை மடித்துக் கட்டினார். "அப்பா, வேற மாதிரி வெச்சுப் பாக்கலாமான்னு ஒரு யோசனை" என்றார்.

"அட, அதெல்லாம் பாத்தாச்சு. விடு" என்றார் மாமனார். ஆனாலும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அத்தான் பின்பலகையின் முதல் ஸ்க்ரூவைத் திருகும்போதே, "நவுரு, நான் பாக்குறேன்" என்று கையை நீட்டினார்.

"இருங்கப்பா. நான் பாத்துக்குறேன்" என்றார் அத்தான்.

கூடத்தின் மறுபக்கம் பாய் விரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. மாமனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அத்தான் ஒரு வயரைத் தப்பாகச் செருகி, தானே கண்டுபிடித்து, மாற்றிச் செருகினார். அக்கா அடுத்த பாயை விரித்தாள். நாயனம் ஒலித்தபோது மாமனார் எழுந்து வந்து கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். அது ஆடவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டார்கள். ஆம்ப்ளிபையர் அணையவேயில்லை. அப்பாவுக்குப் போன் போடும் பேச்சும் அதோடு நின்றது.

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சி.டி. ஓடியது. தாலி கட்டும் இடம் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர், "சவுண்டு அருமையா இருக்கே, யாரு செட் பண்ணினது?" என்று கேட்டார்.

மாமனார் உரக்கச் சொன்னார்: "காலையிலேர்ந்து நானும் மல்லுக்கட்டிப் பாத்தேன். என்னால ஆவல. தம்பிதான் கண்டுபிடிச்சான்."

எல்லாரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் தரையைப் பார்த்தபடி சிரித்தார். அவர் காது மடலெல்லாம் சிவந்திருந்தது. கூடத்தின் ஓரத்தில் நின்ற அக்காவும் சிரித்தாள். வேறொருவர் வாங்கும் பரிசுக்கு இவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானம் அவள் முதுகில் வழிந்த வியர்வை எனக்குத் தெரியும். அப்பா ஏமாந்துவிட்டார் என்று மாமனார் சொன்னதும் காதிலேயே இருந்தது. நான் பாயிலிருந்து எழுந்து நின்றேன்.

"அத்தான் இல்ல. அக்காதான் செஞ்சா. நீங்கள்லாம் தூங்குறப்ப செஞ்சிட்டுத் திரும்பக் கழட்டி வெச்சா. அத்தானுக்கு அவதான் சொல்லிக் குடுத்தா."

டி.வி.யில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் அத்தானைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சின்னப் பிள்ளை உளறுகிறது என்று எல்லாரும் சிரித்திருப்பார்கள். அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை.

"ஆமாப்பா. அவதான் சொன்னா" என்றார்.

"அதானே பாத்தேன்" என்றார் மாமனார்.

அத்தானிடம் அவ்வளவுதான் சொன்னார். உடனே அக்கா பக்கம் திரும்பி, "ஏம்மா, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? டிப்ளமோன்னா சும்மாவா" என்று வாயாரப் புகழ்ந்தார். எல்லாரும் புகழ்ந்தார்கள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, தன் வீட்டு டி.வி.யில் கோடு விழுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று அப்போதே கேட்டார். மாமியார் எனக்கு இன்னொரு ஜாங்கிரி கொடுத்தார். நான் வெற்றியோடு அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தான் எழுந்து வாசலுக்குப் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அத்தான் தாலி கட்டும்போது அத்தான் கூடத்தில் இல்லை.

அந்த வாரம் முழுவதும் அந்த வீட்டில் அக்காவுக்கு ஏக மரியாதை. மிக்சி மக்கர் செய்தாலும், டியூப் லைட் எரியாவிட்டாலும் மாமனார் அவளைத்தான் கூப்பிட்டார். அத்தான் ஸ்டூலை எடுத்துப் போட்டால், "நீ நவுரு. உன் பொண்டாட்டியக் கூப்புடு" என்றார். அத்தானும் நகர்ந்துகொண்டார். சாயங்காலங்களில் எல்லாரும் டி.வி. பார்க்கும்போது அவர் மட்டும் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்னிடம் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தினமும் கடையிலிருந்து வரும்போது எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்தார்.

அக்காவும் என்னைத் திட்டவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று எனக்குத் தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள். நல்ல பேர் வாங்கிக் கொடுத்தும் இவள் ஏன் உம்மென்று இருக்கிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

என்னை அழைத்துப் போக அப்பா வந்திருந்தார். பஸ் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நான் கதையை ஆரம்பித்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா வாங்கிய பொருளில் ஒரு குறையும் இல்லை என்று நிரூபணமானதைச் சொன்னேன். எல்லார் எதிரிலும் நான் எழுந்து நின்று பேசியதை இரண்டு தடவை சொன்னேன். அப்பா தோளைத் தட்டிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

"மாப்ள என்ன சொன்னாரு?" என்று கேட்டார் அப்பா.

"அவதான் சொன்னான்னு ஒத்துக்கிட்டாருப்பா. எழுந்து வாசலுக்குப் போயிட்டாரு."

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. யார் வயலில் எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்போல என்று நினைத்து, நானும் எட்டிப் பார்த்து நாற்றுமுடிகளை எண்ணத் தொடங்கினேன்.